வாய்ப்பை இழந்தவர் எதை இழந்தார்?

புற்றுநோயை உரிய காலத்தில் கண்டறியத் தவறிய மருத்துவர்மீது தொடுக்கப்படும் இழப்பீட்டு வழக்கு, மற்ற மருத்துவ வழக்குகளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. நல்ல சிறுநீரகத்தைத் தவறுதலாக அறுத்து எடுத்துவிட்டால் அந்த ஊனத்தை உண்டாக்கியவர் அறுவை மருத்துவர், அதில் ஐயமில்லை. புற்றுநோயை மருத்துவர் உண்டாக்குவதில்லை. நோயாளி அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அது உடலில் இருந்தது. உடனே கண்டுபிடித்திருந்தாலும் அது கொன்றிருக்கக்கூடும். தாமதமாகக் கண்டுபிடித்தும் சிலர் பிழைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது மட்டுமே மருத்துவர் செய்தது. அதனால் நோயாளி இழந்தது உயிரையா, உயிர் பிழைக்கும் வாய்ப்பையா? வாய்ப்பு என்பது ஒருவரிடம் இருந்து பறிபோகக்கூடிய ஒன்றா, அல்லது நம் அறியாமையை அளப்பதற்கு நாம் வைத்துக்கொண்ட எண் மட்டும்தானா? இழப்பீட்டுத் தொகைக்காக நீதிமன்றத்தில் எழும் இந்தக் கேள்விக்குள் தத்துவமும் சமயமும் நெடுங்காலம் மல்லுக்கட்டிய இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: நடக்காமல் போனதற்கு உண்மைத்தன்மை உண்டா? விதித்தபடி நடந்தது என்றால் மனிதரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

இங்கிலாந்துச் சட்டமும் அதன் வழிவந்த நாடுகளின் சட்டங்களும் இத்தகைய வழக்கில் மூன்றை மெய்ப்பிக்கச் சொல்கின்றன. மருத்துவருக்கு நோயாளியிடம் கடமை இருந்தது. அதில் அவர் தவறினார். அந்தத் தவறால் தீங்கு விளைந்தது. முதலாவதில் பெரும்பாலும் தகராறு இல்லை. இரண்டாவதற்கு 1957-இன் போலம் வழக்கு அளவுகோல் தந்தது: துறை அறிந்த, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென ஏற்கும் முறையில் நடந்தவர்மீது கவனக்குறைவுக் குற்றம் நிற்காது. அந்தச் சாராரின் கருத்து தர்க்கத்துக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று 1997-இல் பொலித்தோ வழக்கு சேர்த்தது. ஆகவே கணிப்புத் தவறியதெல்லாம் கவனக்குறைவு ஆகிவிடாது. நல்ல மருத்துவரும் தவறாகக் கணிக்கலாம். எந்தக் கவனமான மருத்துவரும் அப்படிக் கணித்திருக்க மாட்டார் என்றால்தான் வழக்கு நிற்கும்.

மூன்றாவதில்தான் சிக்கல். மருத்துவர் தவறாமல் இருந்திருந்தால் தீங்கு நேர்ந்திருக்காது என்பதற்கான சாத்தியம் பாதிக்கு மேல் இருப்பதாக நோயாளி காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அது முழு உண்மையாகக் கொள்ளப்பட்டு முழு இழப்பீடு கிடைக்கும். காட்டாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. 51 என்பது நூறாகிறது; 49 என்பது சுழியாகிறது.

இந்த விதியை அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்தது கிரெக் எதிர் ஸ்காட் வழக்கு. 1994 நவம்பரில் ஒருவர் இடது அக்குளில் வந்த கட்டியைத் தம் குடும்ப மருத்துவரிடம் காட்டினார். அது வெறும் கொழுப்புக் கட்டி, கவலைப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். மறு ஆண்டு வேறொரு குடும்ப மருத்துவரிடம் சென்றபோது அவர் மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தார். பயாப்சியில் தெரியவந்தது ஹாட்ஜ்கின் வகை சாராத நிணநீர்ப் புற்றுநோய். ஏறக்குறைய ஒன்பது மாதம் வீணாகியிருந்தது. அதற்குள் நோய் மார்புத் தசைவரை பரவியிருந்தது. முதல் மருத்துவர் கவனக்குறைவாக நடந்தார் என்று விசாரணை நீதிபதி முடிவுசெய்தார். பத்தாண்டுகள் நோயின்றி வாழ்வதையே குணமானதாகக் கொண்டு நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். உடனே சிகிச்சை தொடங்கியிருந்தால் அதற்கு வாய்ப்பு 42 விழுக்காடு. தாமதத்துக்குப் பிறகு 25. தொடக்கத்திலேயே வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்ததால், தாமதமில்லாவிட்டாலும் அவர் குணமாகியிருக்க மாட்டார் என்பதே கூடுதல் சாத்தியம் என்று வழக்குத் தள்ளுபடியானது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2005 ஜனவரியில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. ஹோஃப்மன், ஃபிலிப்ஸ், பாரனஸ் ஹேல் ஆகிய மூவரும் ஒரு பக்கம். நிக்கல்ஸ், ஹோப் இருவரும் மறுபக்கம்.

இந்த விழுக்காடுகளை மனிதர்களாக மாற்றிப் பார்த்தால்தான் தீர்ப்பின் கனம் தெரியும். அதே நிலையில் நூறு நோயாளிகள் இருப்பதாகக் கொள்வோம். தாமதமானாலும் ஆகாவிட்டாலும் 25 பேர் பிழைப்பார்கள். உடனே கவனித்தாலும் 58 பேர் பிழைக்க மாட்டார்கள். மீதி 17 பேர் உடனே கவனித்தால் பிழைத்து, தாமதித்தால் இறப்பார்கள். நூறு பேருக்கும் ஒரே தவறு இழைக்கப்பட்டால், அந்தத் தவறால் 17 பேர் சாவது நிச்சயம். ஆனால் இறந்த 75 பேரில் அந்த 17 பேர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே 17 பேரில் ஒருவர் குடும்பத்துக்கும் ஒரு காசு கிடைக்காது. தவறு மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது, அது உயிர்களைக் கொண்டுபோகிறது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது, ஆயினும் யாருக்கும் எதுவும் நேரவில்லை என்று சட்டம் முடிவுகட்டுகிறது.

இதை ஹோஃப்மன் அறியாமல் எழுதவில்லை. அவர் முன்வைத்தது ஓர் உலகப் பார்வை. சட்டத்தின் கண்ணில் உலகம் காரணகாரிய விதிகளுக்குக் கட்டுப்பட்டது. எல்லாவற்றுக்கும் திட்டமான காரணம் உண்டு. அது நமக்குத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவே. இதன்படி அந்த நோயாளி மருத்துவரிடம் போன நாளிலேயே மூன்று கூட்டங்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தார். அவருடைய மரபணுவும் கட்டியின் தன்மையும் அதை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டன. 42 விழுக்காடு என்பது அவரிடம் இருந்த பொருள் அன்று. அவர் எந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது நமக்குத் தெரியாததன் அளவு. இல்லாத ஒன்றை எப்படிப் பறிக்க முடியும்? 1814-இல் லாப்லாஸ் நிகழ்தகவு குறித்த தம் தத்துவக் கட்டுரையில் சொன்னதும் இதுதான்: எல்லாத் துகள்களின் நிலையையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலமும் கடந்தகாலம்போலத் திறந்து கிடக்கும், நிகழ்தகவு நம்மைப் போன்ற குறையறிவினருக்கே தேவை.

இதற்கு முன்னோடியாக 1987-இன் ஹாட்சன் வழக்கு இருந்தது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த 13 வயதுச் சிறுவனுக்கு மருத்துவமனை சரியாகக் கண்டறியாமல் ஐந்து நாள் வீணாக்கியது. உடனே கண்டறிந்திருந்தால் ஊனமின்றித் தேற 25 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. விசாரணை நீதிபதி முழு இழப்பில் கால் பங்கை வழங்கினார். பிரபுக்கள் அவை அதையும் ரத்துசெய்தது. போதுமான ரத்தநாளங்கள் பிழைத்திருந்தனவா இல்லையா என்பது விழுந்த நொடியிலேயே முடிந்துபோன விஷயம் என்று காரணம் சொன்னது.

ஆனால் இதே சட்டம் வேறிடத்தில் வாய்ப்புக்கு விலை வைத்திருக்கிறது. 1911-இல் சாப்ளின் எதிர் ஹிக்ஸ் வழக்கில், அழகிப் போட்டியின் இறுதித் தேர்வுக்கு உரிய காலத்தில் அழைக்கப்படாத ஒரு பெண்ணுக்கு 100 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. இறுதித் தேர்வுக்குத் தேறியவர்கள் 50 பேர், பரிசுகள் 12. அவர் வென்றிருப்பார் என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. வெல்லும் வாய்ப்பைப் பறித்ததே போதும் என்றது நீதிமன்றம். இந்த வேறுபாட்டுக்கு ஹோஃப்மன் தரும் விளக்கம், மனிதரின் செயல் இயற்கை விதிகளால் முன்கூட்டி முடிவானதாகச் சட்டம் கொள்வதில்லை என்பது. போட்டி நடுவரின் மனம் திறந்திருக்கிறது. உயிரணுவின் போக்கு மூடியிருக்கிறது.

உடலுக்கு விதி, மனத்துக்குச் சுதந்திரம் என்று கோடு கிழிக்கும் இந்தத் தத்துவம் எவ்வளவு தூரம் நிற்கும்? உயிரணு பிரியும்போது நேரும் மரபணுப் பிழைகளில் தற்செயலுக்குப் பங்கு உண்டு. ஒன்பது மாதத்தில் ஒரு கட்டி எங்கே பரவும் என்பது முதல் நாளிலேயே எழுதி முடிக்கப்பட்டது என்பதற்கு எந்த அறிவியல் சான்றும் இல்லை. அது ஒரு நம்பிக்கை. நிச்சயவாதத்தை ஒத்துக்கொண்டாலும் வாதம் முழுமை பெறுவதில்லை. அந்த நோயாளி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை அறிவதற்கு ஒரே வழி இருந்தது: உடனே பரிந்துரைத்து, சிகிச்சை தந்து, விளைவைப் பார்ப்பது. அந்த வழியை அடைத்தது மருத்துவரின் தவறு. இன்று நீதிமன்றத்தின் முன் நிற்கும் அறியாமை இயற்கை தந்தது அன்று, பிரதிவாதி உண்டாக்கியது. தான் அழித்த சான்று கிடைக்கவில்லை என்று சொல்லி ஒருவர் தப்பிக்க முடியும் என்றால், அந்த விதியில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஃபிலிப்ஸ் எழுப்பிய ஐயம் வேறு வகை. அதை எளிதில் ஒதுக்க முடியாது. 42 என்பதும் 25 என்பதும் ஒரு கூட்டத்தைப் பற்றிய எண்கள். தனி மனிதருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும்? வழக்காளி 2005-இல் தீர்ப்பு வந்தபோதும் உயிரோடு இருந்தார். குணமானதாகக் கொள்ள வைத்த பத்தாண்டு எல்லையை அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். இறந்துவிடக்கூடும் என்பதற்காக இழப்பீடு கேட்ட ஒருவர், ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருந்து தம் வழக்கையே பலவீனமாக்கிக்கொண்டிருந்தார் என்பது கொடுமையான நிலை. ஒரே மனிதரை வயதுப்படியும் நோய்வகைப்படியும் கட்டியின் அளவுப்படியும் வெவ்வேறு கூட்டங்களில் சேர்க்கலாம், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண் வரும் என்ற சிக்கலை ஜான் வென் 1866-இலேயே எடுத்துக்காட்டினார். உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் இதைத் தம் உடலில் அனுபவித்தவர். 1982-இல் அவருக்கு வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் இறப்பார்கள் என்று நூலகத்தில் படித்தார். மற்றப் பாதிப்பேர் எவ்வளவு காலம் வாழ்வார்கள், தாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று யோசித்து 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002-இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

கூல்டின் வாழ்க்கை சராசரி எண்ணை நம்பி நம்பிக்கையைக் கைவிட வேண்டாம் என்று காட்டுகிறது. எண்ணே பொருளற்றது என்று அது காட்டவில்லை. மருத்துவம் முழுவதும் அந்த எண்களின்மேல்தான் நடக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு கதிர்வீச்சு, அறுப்பதா விடுவதா என்பதையெல்லாம் கூட்டத்தின் எண்ணை வைத்தே மருத்துவர் ஒரு மனிதருக்கு முடிவுசெய்கிறார். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பார்க்க வேண்டும். ஓர் அறிகுறி புற்றுநோயாக இருக்கும் சாத்தியம் 3 விழுக்காட்டை எட்டினாலே குடும்ப மருத்துவர் அவசரமாகப் பரிந்துரைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொதுவான அளவு. முன்பு இது 5 விழுக்காடாக இருந்தது. நூறு பேரை அனுப்பினால் 97 பேருக்குப் புற்றுநோய் இராது என்று தெரிந்தே அனுப்பச் சொல்கிறது. மருத்துவரின் கடமையைத் தொடங்கிவைக்க 3 விழுக்காடு போதும். அந்தக் கடமையை மீறியதால் கரைந்துபோன 17 விழுக்காட்டுக்கு மதிப்பே இல்லை என்பதை எப்படி ஏற்பது? கடமையை வாய்ப்பால் அளந்துவிட்டுத் தீங்கை நிச்சயத்தால் மட்டும் அளப்பது ஒரே தராசில் இரண்டு படிக்கற்கள் வைப்பதாகும்.

மாறுபட்ட தீர்ப்பில் நிக்கல்ஸ் அழுத்திச் சொன்ன வாதத்தின் சாரமும் இதுவே. நோயாளியின் பிழைக்கும் வாய்ப்பைக் காப்பதற்காகவே மருத்துவரின் கடமை இருக்கிறது. வாய்ப்பு பாதிக்குக் கீழே இருப்பவருக்கு அந்தக் கடமை மீறப்பட்டால் பரிகாரம் இல்லை என்றால், அவரைப் பொறுத்தவரை கடமையே வெறும் பேச்சாகிவிடுகிறது. 60 விழுக்காடு வாய்ப்பை முற்றிலும் இழந்தவருக்கு எல்லாம், 40 விழுக்காட்டை முற்றிலும் இழந்தவருக்கு ஒன்றுமில்லை என்பது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என்று அவர் கருதினார். இதன் அறப்பொருள் இன்னும் கூர்மையானது. நோய் முற்றியவர்களும், கணையம், நுரையீரல் போன்ற கொடிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களும்தான் இயல்பாகவே பாதிக்குக் கீழே இருப்பவர்கள். அதிகக் கவனம் தேவைப்படுபவர்களுக்குச் சட்டத்தின் காவல் குறைவாக இருக்கிறது.

பாரனஸ் ஹேலின் தயக்கம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. வாய்ப்பின் அளவுக்கு இழப்பீடு என்று ஏற்றுக்கொண்டால், 42-க்குப் பங்கு கிடைக்கும் அதே சமயம் 60-க்கு முழுத் தொகை கிடையாது, அறுபது பங்குதான் என்றாகும். இன்று முழுமையாகப் பெறுபவர்கள் இழப்பார்கள். ஒவ்வொரு வழக்கும் நிபுணர்களின் எண் சண்டையாக மாறும். மருத்துவத்துக்கு அப்பாலும் தனிமனிதத் தீங்கு வழக்குகள் எல்லாவற்றையும் அது குலைக்கும். நடைமுறை அறிந்த நீதிபதியின் அச்சம் இது, மதிக்கத்தக்கது. எனினும் கணக்கை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தால் அந்த முழுத் தொகையும் நியாயத்தில் நிற்பதாகத் தெரியவில்லை. தாமதத்தால் வாய்ப்பு 60-லிருந்து 40-ஆகக் குறைந்த நூறு பேரில் 40 பேர் எப்படியும் பிழைப்பார்கள், 40 பேர் எப்படியும் இறப்பார்கள், 20 பேர் தாமதத்தால் இறப்பார்கள். இறந்த 60 பேரில் தாமதம் கொன்றது மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே. தொடக்க வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்ததா என்று மட்டும் கேட்கும் முறையில் அறுபது குடும்பங்களுக்கும் முழுத் தொகை போகும். பாதிக்குக் கீழே இருப்பவரிடம் கஞ்சத்தனம், மேலே இருப்பவரிடம் தாராளம். இரண்டு பக்கமும் அளவு தப்புகிறது.

மற்ற நாடுகள் ஒன்றுபோல் நடக்கவில்லை. பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965 முதலே மருத்துவ வழக்குகளில் இழந்த வாய்ப்பைத் தனித் தீங்காக ஏற்று, அதன் அளவுக்கு ஈடு தருகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1983-இல் ஹெர்ஸ்கோவிட்ஸ் வழக்கில், நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரின் ஐந்தாண்டு வாழும் வாய்ப்பு 39-லிருந்து 25 விழுக்காடாகக் குறைந்ததே வழக்கு நடத்தப் போதும் என்றது. மாசசூசெட்ஸ் 2008-இல் மட்சுயாமா வழக்கில், இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்படாமல் விடப்பட்டவரின் வாய்ப்பை 37.5 விழுக்காடு எனக் கொண்டு, மரணத்துக்கான முழு இழப்பாகிய 8,75,000 டாலரை அதனால் பெருக்கி 3,28,125 டாலர் வழங்கியதை ஏற்றது. டெக்சாஸ் 1993-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய் வழக்கு ஒன்றில் மறுத்துவிட்டது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 2010-இல் மூளைக்கட்டி தாமதமாகக் கண்டறியப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் மறுத்தது.

கனடா உச்ச நீதிமன்றம் 1991-இல் முடித்த கியூபெக் வழக்கு தனியே நின்று நோக்கத்தக்கது. அங்கே மருத்துவருக்கு நோய் தெரிந்தே இருந்தது. மார்பகத்திலிருந்து எடுத்த கட்டி புற்றுநோய் என்பதை அவர் நோயாளியிடம் சொல்லவில்லை. நான்கு ஆண்டு கழித்து வேறு வழியில் அந்தப் பெண்ணுக்குத் தெரியவந்தது. 1978-இல் அவர் இறந்தார். உடனே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மெய்ப்பிக்க முடியாததால் இழந்த வாய்ப்புக்கு நீதிமன்றம் ஈடு தரவில்லை. ஆனால் உண்மை மறைக்கப்பட்டதை அறிந்த பின் அவர் பட்ட மனவேதனைக்கும், முன்பே தக்க கவனிப்பு கிடைத்திருந்தால் கூடியிருக்கக்கூடிய வாழ்வின் தரத்துக்கும் ஈடு தந்தது. காலத்தில் தெரிந்திருந்தால் என்ற எண்ணத்தோடு கடைசி ஆண்டுகளை வாழ்வதே ஒரு தீங்கு என்று ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது, விழுக்காட்டுக் கணக்கில் அகப்படாத ஓர் உண்மையைத் தொடுகிறது.

இங்கே தத்துவத்தின் பழைய விவாதம் ஒன்று துணைக்கு வருகிறது. மரணம் நமக்கு ஒன்றுமில்லை. நாம் இருக்கும்போது அது இல்லை, அது வரும்போது நாம் இல்லை என்றார் எபிகூரஸ். அப்படியானால் இறந்தவருக்கு என்ன தீங்கு? 1970-இல் தாமஸ் நேகல் பதில் தந்தார்: மரணம் தீயது, ஏனெனில் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்வை அது இல்லாமலாக்குகிறது. தீங்கை நேர்ந்ததில் மட்டும் தேடக் கூடாது. நேர்ந்திருக்கக்கூடியதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் இழந்த வாய்ப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்த தீங்காகிவிடுகிறது. நடந்திருக்கக்கூடியதன் எடையே வாய்ப்பு; அதைக் குறைப்பவர் நோயாளியின் முன் திறந்திருந்த வழிகளைக் குறைக்கிறார். வழக்காளி பின்னால் பிழைத்துக்கொண்டாலும் குறைத்தது குறைத்ததுதான். ஆனால் அதற்கு முழு மரணத்தின் விலையைக் கேட்க முடியாது என்பதும் உண்மை.

மருத்துவரின் பக்கமும் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் ஒரே நாளில் ஒரே மாதிரியான கட்டியை ஒரே அலட்சியத்தோடு பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஒருவர் பார்த்தது உண்மையிலேயே கொழுப்புக் கட்டி. மற்றவர் பார்த்தது புற்றுநோய். முதல்வர் நிம்மதியாக உறங்குகிறார், இரண்டாமவர் நீதிமன்றத்தில் நிற்கிறார். இருவரின் குற்றமும் ஒன்றே. 1976-இல் பெர்னார்டு வில்லியம்ஸும் நேகலும் அறத்தில் தற்செயலின் பங்கைப் பற்றி எழுதியபோது எழுப்பிய சிக்கல் இதுதான். இழப்பீட்டுச் சட்டம் குற்றத்தை மட்டும் எடைபோட்டால் இருவரையும் ஒன்றாக நடத்த வேண்டும். விளைவை மட்டும் எடைபோட்டால் தவறே செய்யாதவரும் மாட்டிக்கொள்வார். அரிஸ்டாட்டில் நிகோமக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் சொல்லும் திருத்த நீதி இரண்டுக்கும் இடையே நிற்கிறது: ஒருவர் இழைத்த தவறும் இன்னொருவர் அடைந்த இழப்பும் ஒரே நிகழ்வின் இரு முனைகளாக இருக்கும்போது நீதிபதி அதைச் சமன்செய்கிறார். அந்தச் சமன், தவறு எவ்வளவு இழப்பை உண்டாக்கியதோ அவ்வளவுக்கு இருக்க வேண்டும். 17-க்கு 17 என்பது அரிஸ்டாட்டிலின் கணக்குக்கு மிக அருகில் வருகிறது.

நீதிமன்றப் படியேறாத பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தரப்படுகிறது: விதி. பறிகொடுத்தவர் தம் மனத்தை ஆற்றிக்கொள்ள இதைச் சொல்லும்போது அதில் பிழை காண யாருக்கும் உரிமையில்லை. தவறிழைத்தவர் சொல்லும்போது அது வேறாகிவிடுகிறது. சமய மரபுகள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தன. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்னும் துறவி புத்தரிடம், மனிதர் அடையும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறான். பித்தம், கபம், வாதம், மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், முறைதவறிய பராமரிப்பு, பிறரின் தாக்குதல், முன்வினை என எட்டுக் காரணங்களை எண்ணுகிறார் புத்தர். எல்லாவற்றையும் முன்வினைமேல் போடுபவர்கள் தாங்களே அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று மறுக்கிறார். வினைக்கொள்கையின் தாயகத்திலேயே, முறைதவறிய பராமரிப்பு தனிக் காரணமாக நிறுத்தப்பட்டிருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழி திர்மிதீ தொகுப்பில் உள்ளது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழி அபூ தாவூதின் தொகுப்பில் இடம்பெறுகிறது. இறைநாட்டத்தை முழுமையாக நம்பும் சமயம் மனிதரின் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கிய திருக்குறளும் மருந்து அதிகாரத்தில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யும்படி மருத்துவருக்குச் சொல்கிறது. மூன்றாவதாக அங்கே நிற்கும் காலம், இந்த வழக்குகள் எல்லாம் சுற்றிவரும் பொருள். ஊழின் வலிமையை அவ்வளவு அழுத்திச் சொன்ன நூல், காலத்தைத் தவறவிட்ட மருத்துவருக்கு ஊழைக் காரணம் காட்ட இடம் வைக்கவில்லை. ஹோஃப்மனின் நிச்சயவாதத்துக்கும் வீட்டுத் திண்ணையின் விதிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்ற ஒரே வாதம் ஓரிடத்தில் அறிவியலின் உடையிலும் மற்றோரிடத்தில் சமயத்தின் உடையிலும் வருகிறது. சமயங்கள் மறுத்த அதே காரணத்துக்காகச் சட்டமும் அதை மறுக்கலாம்: முடிவானது எதுவென்று அறியாத மனிதர்கள், அறியாத நிலையில் என்ன செய்ய வேண்டுமோ அதற்கே பொறுப்பாளிகள்.

மருத்துவர்களின் அச்சத்துக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்குப் பயம் பெருகினால் எல்லாரையும் எல்லாச் சோதனைக்கும் அனுப்பத் தொடங்குவார்கள். அதன் விளைவு தென்கொரியாவில் வேறொரு காரணத்தால் தெரிந்தது. 1999-இல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தின் ஓரத்தில் தைராய்டு அல்ட்ராசவுண்டும் பரவலாயிற்று. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு; அந்நோயால் இறந்தவர் விகிதம் மாறவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்தார்கள். முன்னதாகக் கண்டுபிடிப்பது எப்போதும் நன்மை ஆகாது. ஆனால் வாய்ப்பின் அளவுக்கு ஈடு தருவது, எது கவனக்குறைவு என்ற அளவுகோலைத் தொடுவதில்லை. போலம், பொலித்தோ சோதனைகள் அப்படியே இருக்கும்; கவனமாகப் பார்த்தும் தவறவிட்டவர் இன்றுபோல் விடுபடுவார். மாறுவது, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்ட பின் நோயாளி வெறுங்கையோடு திரும்புவது மட்டுமே.

ஈட்டையும் பழியையும் பிரித்துவிடும் வழியும் உண்டு. நியூசிலாந்து 1974 முதல் விபத்து இழப்பீட்டைப் பொது நிதியிலிருந்து தருகிறது. அதன் எல்லைக்குள் வரும் சிகிச்சைத் தீங்குக்கு மருத்துவர்மீது வழக்குப் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. 2005-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மருத்துவரின் தவறை மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. இங்கிலாந்து அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பது மட்டுமே தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006-இன் இழப்பீட்டுச் சட்டத்தில் எழுதியது. தவறு நேர்ந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லும் கடமையை 2014-இல் பொது மருத்துவ நிறுவனங்கள்மீது சட்டமாக்கியது. உண்மையை அறிவதும் ஒரு பரிகாரம் என்பதை கியூபெக் பெண்ணின் வழக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

இந்தியாவில் 1995-இன் சாந்தா வழக்குத் தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2005-இல், பிரபுக்கள் அவையின் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் போலம் சோதனையை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் இறந்தவர் முற்றிய நிலைப் புற்றுநோயாளி. லூதியானா மருத்துவமனை ஒன்றில் மூச்சுத் திணறியபோது கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது என்பது மகனின் புகார். மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்காது, மருத்துவமனையின் உரிமையியல் பொறுப்பு வேறு விஷயம் என்று நீதிமன்றம் பிரித்துக்காட்டியது. பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாதவருக்கும் நிரம்பிய உருளையைப் பெறும் உரிமை உண்டு என்பதை அந்தப் பிரிப்பு விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில் பொதுச் சட்டம் இன்றும் 2005-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தாமதத்தால் ஆயுள் குறைந்தது என்றோ கடுமையான சிகிச்சை தேவைப்பட்டது என்றோ பாதிக்கு மேற்பட்ட சாத்தியத்தோடு மெய்ப்பிக்க முடிந்தவர்கள் அதற்கு ஈடு பெறலாம். குணமாகும் வாய்ப்பு மட்டுமே குறைந்தவர்களுக்கு, மருத்துவரின் தவறு ஐயமின்றி நிறுவப்பட்டாலும், ஒன்றும் கிடையாது. கிரெக் எதிர் ஸ்காட் மாற்றப்பட வேண்டிய தீர்ப்பு. அதை மாற்றும் அதிகாரம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இருக்கிறது.